காலைக் காப்பதா, களைவதா?

எலும்பு முறிந்து, தோலும் கிழிந்து புண்ணாகிவிடின், அதனைத் திறந்த முறிவு என்பர் ரண சிகிச்சை வல்லுநர். மின்ரயிலுக்கும் லாரிக்கும் இடையே பிழைப்பு நடத்தும் தாராவி, செம்பூர்வாழ் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. காலை இழந்த உழைப்பாளியின் இல்லத்தில் அடுப்பெரிவதே அரிதாகிவிடுகிறது. அக்காலைக் காப்பதா, களைவதா என்று மருத்துவர் எவ்வாறு முடிவு செய்கின்றனர்?

1976-ல் அமெரிக்க மருத்துவர்களான குஸ்டிலோவும் ஆண்டர்சனும் இம்முறிவுகளை மூன்றாக வகுத்தனர். 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூய புண் முதல் வகை. அதனினும் பெரிது இரண்டாவது. தோலும் தசையும் பெரிதும் சிதைந்தது மூன்றாவது. 1984-ல் மூன்றாவதை ஏ, பி, சி எனப் பிரித்தனர். உலகெங்கும் இதுவே வழங்கலாயிற்று. ஆயினும் 'பி' பிரிவு மிகப் பரந்தது. கணைக்காலில் சிறிது தோல் இழந்தவரும், எலும்பும் தசையும் நசுங்கியவரும் அவ்வொரு பெயருக்குள்ளேயே அடைபட்டனர். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே முறிவுகளைக் கண்ட 245 எலும்பு மருத்துவர்களிடையே கருத்தொற்றுமை சராசரி நூற்றுக்கு 60 மட்டுமே.

இக்குறையை நீக்க முற்பட்டது நம் கோயம்புத்தூர். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 109 கணைக்கால் முறிவுகளை ஆராய்ந்து, 2006-ல் புதிய அளவுகோலை வெளியிட்டனர். தோலுக்கு ஒன்று முதல் ஐந்து, எலும்புக்கு அவ்வாறே, தசை நரம்புகளுக்கும் அவ்வாறே என மதிப்பெண் இடுவர். நீரிழிவு, 65-ஐக் கடந்த வயது, சாக்கடை அசுத்தம், புண்ணைத் துப்புரவு செய்ய 12 மணிக்கு மேற்பட்ட தாமதம் போன்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூடும். பரீட்சை மார்க்கு என்றால் நம்மவர்க்கு உயிர். இங்கோ குறைந்த மார்க்கே நல்ல மார்க்கு! கூட்டுத்தொகை 14 வரையெனில் காலைக் காக்க முயல்வர். 17-ம் அதற்கு மேலும் எனில் களைவதே பெரும்பாலும் வழி. 15, 16 எனில் நோயாளியின் நிலையையும் தம் அனுபவத்தையும் சீர்தூக்கி முடிவு செய்வர். பெரிய ரத்தக் குழாய் அறுந்த 'சி' பிரிவுக்கு இக்கணக்கு ஏற்பட்டதன்று.

இவற்றுள் உறவினர் கையில் இருப்பது தாமதம் ஒன்றே. புண்ணில் மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. வெளிவந்த எலும்பை உள்ளே தள்ளலாகாது. தூய துணியால் மூடி, மரச்சட்டம் வைத்துக் கட்டி உடனே புறப்பட வேண்டும். தாராவியினருக்குச் சயான் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. விபத்து நேர்ந்த மணியைக் குறித்துச் செல்க; சாக்கடை நீர் பட்டிருப்பின் அதனையும் மருத்துவரிடம் மறவாது கூறுக.