ஏரி நிறைய வாய்க்காலைப் பாருங்கள்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். அந்தப் பெருமைக்குக் காரணம் பாகூர் ஏரி. அந்த ஏரிக்கு நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை ஆற்றிலிருந்து பிரிந்து, பல கிராமங்களைக் கடந்து இது ஏரியை அடைகிறது.

பாகூர் மிகப் பழமையான ஊர். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. சிங்காரி, பங்காரி என்ற நடனமாதர் இருவர் தம் செல்வத்தைச் செலவிட்டு நீர்வழி அமைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. வாய்க்காலின் பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது.

ஏரி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. ஆற்றில் வெள்ளம் வருவது ஆண்டில் சில நாட்களே. அந்த நாட்களில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், நமக்குரிய தண்ணீர் கடலுக்குப் போய்விடும். ஏரி நிரம்பாவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கும். கடற்கரைக்கு அருகே ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உட்புகும். நிலத்தடி நீர் ஒருமுறை உப்பாகிவிட்டால் அதை மீட்பது எளிதல்ல.

நெதர்லாந்து நாட்டின் பிரீஸ்லாந்து பகுதியிலும் வாய்க்கால்கரைச் சிற்றூர்கள் பல உண்டு. அங்கே தண்ணீரை வெளியேற்றுவதே பிரச்சினை. வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தம் பங்கைத் துப்புரவு செய்யவேண்டும். இலையுதிர் காலத்தில் நீர்வாரியத்தார் வந்து பார்வையிடுவார்கள். செய்யத் தவறினால் வாரியமே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கும். நம் முன்னோரின் குடிமராமத்தும் இத்தகைய ஏற்பாடுதான்.

புதுச்சேரியில் 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. ஏரிச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. சீரமைத்ததை ஆண்டுதோறும் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

எனவே விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. ஐப்பசி மழைக்கு முன், ஆவணிக்குள் வாய்க்காலைத் தூர்வாரும்படி சங்கத்தின் மூலம் பொதுப்பணித்துறையிடம் கேளுங்கள்.

2. நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் வேரோடு அகற்றிக் கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெட்டிய தண்டு ஈரத்தில் கிடந்தால் மறுபடி துளிர்க்கும்.

3. கரையை உடைத்துத் தனி மடை வைக்காதீர்கள். மேல்மடையில் ஒருவர் செய்யும் தவறு கடைமடையில் பலரின் பயிரைக் கருக்கும்.

4. அனுமதி பெற்று எடுக்கும் வண்டல் மண்ணை மணற்பாங்கான வயலில் இடுங்கள். ஈரம் நிற்கும், மண்ணும் வளம் பெறும்.

வாய்க்கால் சுத்தமாக இருந்தால்தான் கடைமடைக்கும் தண்ணீர் சேரும்.