21 நாள் கணக்கும் பழக்கத்தின் கணக்கும்

ஒரு செயலை 21 நாட்கள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்ற கணக்கு, யூடியூப் பேச்சாளர்கள் முதல் பள்ளி ஆண்டு விழாவின் சிறப்பு விருந்தினர்கள் வரை எல்லோர் வாயிலும் புழங்குகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் எந்த உளவியல் ஆய்வுக்கூடமும் தட்டுப்படாது. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட ‘சைக்கோ சைபர்னெடிக்ஸ்’ என்ற புத்தகத்தில் போய் நிற்போம். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தபட்சம் 21 நாட்களாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். நடைப்பயிற்சியையோ படிப்பையோ வைத்து அவர் எந்தச் சோதனையும் நடத்தவில்லை. காலப்போக்கில் ‘குறைந்தபட்சம்’ காணாமல் போனது, முகமும் மறந்துபோனது, எண் மட்டும் மிஞ்சியது. எண் தவறு என்பதைவிட அதற்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. பழக்கம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டிய சில நாட்கள், தாண்டாதவர் மன உறுதி இல்லாதவர் என்று அது சொல்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. எதைச் செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது இலக்கின் வேலை. அந்தச் செயல் நிலைக்குமா என்பதை, அது எந்த இடத்தோடும் எந்த வேளையோடும் ஒட்டிக்கொள்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தாமே ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டோடு ஒரு பாட்டில் தண்ணீர், இரவு உணவுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்ற ரகம். 12 வாரங்கள் அன்றன்று செய்தார்களா, யோசிக்காமலே கை அதற்குப் போனதா என்று பதிவு செய்துவந்தார்கள். அந்தப் பதிவுகளை வரைபடமாக்கினால் கோடு முதல் சில வாரங்களில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, ஓர் உயரத்தில் சமன்படுகிறது. அந்த உயரத்தை எட்ட ஒருவருக்கு 18 நாட்கள் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு, கோட்டின் போக்கை வைத்துக் கணக்கிட்டால், 254 நாட்கள் பிடிக்கும் என்று தெரிந்தது. நடு அளவு 66 நாட்கள். இந்த 66-ஐ அடுத்த மந்திர எண்ணாக்கிவிடக் கூடாது. பதிவுகள் கோட்டோடு நன்றாகப் பொருந்திய 39 பேரிடமிருந்து மட்டுமே அது கிடைத்தது. அதைவிடப் பயனுள்ள ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் கோட்டின் ஏற்றத்தில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு’ என்று கைகழுவுகிறவர்கள், இல்லாத விதி ஒன்றுக்குப் பணிந்து நிறுத்திவிடுகிறார்கள்.

செயலுக்குச் செயல் காலம் மாறும் என்பதை 2023-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உறுதிசெய்தது. ஜிம்முக்குப் போவது குறித்து 1.2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளும், மருத்துவமனை ஊழியர்கள் கைகழுவுவது குறித்து 4 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளும் அதில் அலசப்பட்டன. கைகழுவும் பழக்கம் வாரக் கணக்கில் படிந்தது, ஜிம் பழக்கத்துக்கு மாதக் கணக்கு தேவைப்பட்டது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மருத்துவமனையில் நோயாளியின் அறைக்குள் நுழைவதும் வெளியே வருவதும் ஒரே ஷிப்டில் பல முறை நடக்கும். கதவு அங்கேயே இருக்கிறது, கிருமிநாசினியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஜிம்முக்குப் போகவோ நாளுக்கு ஒரு வாய்ப்புதான், அதற்கும் உடை மாற்ற வேண்டும், வண்டி எடுக்க வேண்டும். மூளை நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. ஒரே சூழலில் ஒரே செயல் எத்தனை முறை திரும்ப நடந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு.

சூழலின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு, டேவிட் நீல், வெண்டி வுட் உள்ளிட்டோர் 2011-இல் வெளியிட்ட பாப்கார்ன் சோதனையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. தியேட்டரில் உட்கார்ந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும், சிலருக்கு ஏழு நாள் பழையதும் கொடுத்தார்கள். பழையது நன்றாக இல்லை என்று சாப்பிட்டவர்களே சொன்னார்கள். ஆனால் படம் பார்க்கும்போது பாப்கார்ன் கொறிப்பதே வழக்கமாகிப்போனவர்கள், நமுத்துப்போனதையும் புதியதன் அளவுக்கே தின்று தீர்த்தார்கள். அதே வழக்கம் உள்ள வேறு சிலரை ஒரு மீட்டிங் அறையில் உட்காரவைத்துப் பாட்டு வீடியோ காட்டியபோது பழைய பாப்கார்ன் மீதியானது. தியேட்டரிலேயே, வழக்கமாகச் சாப்பிடாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. நாக்கு வேண்டாம் என்ற ஒன்றை இருக்கையும் இருட்டும் திரையும் சேர்ந்து தின்னவைத்தன. மூளைக்குள் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு எம்ஐடி-யில் ஆன் கிரேபியலின் குழு செய்த எலிச் சோதனைகள் ஒரு குறிப்புத் தருகின்றன. ‘டி’ வடிவப் பாதையில் எலி புதிதாக ஓடும்போது, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் முழுவதும் சுறுசுறுப்பாக இருந்தன. ஓடி ஓடிப் பழகிய பிறகு அந்தத் துடிப்பு தொடக்கத்திலும் முடிவிலும் குவிந்தது. இடையில் நடப்பவை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டன. தொடக்கத்துக்கான அறிகுறி கிடைத்தால் போதும், மூட்டை தானாக அவிழும்.

அப்படியானால் இலக்கு வைப்பதே வீணா என்று கேட்கலாம். வீணில்லை. எட்வின் லாக், கேரி லாதம் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகளின் சாரம், ‘முடிந்தவரை செய்’ என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு அதிகம் செய்யவைக்கும் என்பதே. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளை வைத்து லாதமும் பால்டஸ் என்ற ஆய்வாளரும் 1975-இல் இதைக் காட்டினார்கள். சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு 94 சதவீதம் என்று இலக்கு வைத்ததும், சுமை 90 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. ஆனால் அந்த டிரைவர்களுக்கு லாரி நிற்கும் இடமும் ஏற்றும் வேளையும் வேலையிலேயே அமைந்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். தாமாக முடிவெடுத்து உடற்பயிற்சி செய்ய நினைப்பவருக்கு அந்த வசதி இல்லை. தாமஸ் வெப்பும் பாஸ்கல் ஷீரனும் 47 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவரின் எண்ணத்தைக் கணிசமாக மாற்றினாலும் செயலில் சிறிய அல்லது நடுத்தர அளவு மாற்றமே தெரிகிறது என்று கண்டது. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை எதனால் நிரப்புவது?

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன விடை எளிமையானது: ‘இன்ன வேளையில், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. பிரிட்டனில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 248 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். உடற்பயிற்சி பற்றி எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் பயிற்சி செய்தார்கள். இதய நோயின் ஆபத்தையும் பயிற்சியின் நன்மையையும் விளக்கி ஊக்கப்படுத்திய குழுவில் 35 சதவீதம். அந்த விளக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்றும் எழுதிக்கொண்ட குழுவில் 91 சதவீதம். ஒரு வாரக் கணக்கை வைத்து ஆயுள் முழுவதும் இப்படியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் ஊக்கவுரை மட்டும் கேட்டவர்கள், எதுவுமே கேட்காதவர்களைத் தாண்டவில்லை என்பது தன்னம்பிக்கைப் பேச்சுத் தொழிலுக்குக் கசப்பான செய்தி. இதே கருத்தைப் பரிசோதித்த 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் கணிசமாகவே இருந்தது.

‘என்ன சொன்னாலும் மன உறுதி உள்ளவர்தானே ஜெயிக்கிறார்’ என்பது அடுத்த ஆட்சேபம். மன உறுதி செலவழியச் செலவழியத் தீர்ந்துபோகும் சரக்கு என்று உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டர் 1998-இல் முன்வைத்த கருத்து வெகுகாலம் கோலோச்சியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அதைச் சோதித்தபோது, சொல்லும்படியான விளைவு கிடைக்கவில்லை. மன உறுதி என்ற ஒன்றே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தன்னடக்கம் மிகுந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிரையன் கல்லாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015-இல் ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டுவது குறைவு, நல்ல பழக்கங்கள் அதிகம் என்று தெரியவந்தது. நாம் வெளியிலிருந்து பார்த்து மன உறுதி என்று மெச்சுவதில் பெரும்பகுதி, ஏற்கெனவே வழக்கமாகிப்போன ஒழுங்குதான். தேர்வுக் கால நெருக்கடியில் மாணவர்கள் பழைய பழக்கங்களையே அதிகம் சார்ந்தார்கள், கெட்டவற்றைப் போலவே நல்லவற்றையும், என்று 2013-இல் வந்த ஆய்வும் இதையே பலப்படுத்துகிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீணை கற்பதும் ஆய்வேடு எழுதுவதும் யோசிக்காமல் செய்யக்கூடியவையா? தண்ணீர் குடிப்பதைப் போல அவற்றைத் தன்னிச்சையாக்க முடியாது என்பது சரி. ஆனால் எந்தச் செயலிலும் தொடங்குவது வேறு, செய்து முடிப்பது வேறு. பிலிப்ஸ், கார்ட்னர் இருவரும் 2016-இல் உடற்பயிற்சி செய்பவர்களை ஆராய்ந்தபோது, பயிற்சியைத் தொடங்குவது பழக்கமானவர்களே அடிக்கடி பயிற்சி செய்தார்கள். பயிற்சி அசைவுகள் பழக்கமாகிவிட்டனவா என்பது அந்த எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடித்த டம்ளரை வைத்ததும் வீணையின் முன் உட்காருவது பழக்கமாகலாம். உட்கார்ந்த பிறகு வாசிப்புக்கு முழுக் கவனம் தேவை. பழக்கம் மிச்சப்படுத்துவது ‘இன்றைக்கு வேண்டுமா, நாளைக்குப் பார்க்கலாமா’ என்ற தினசரி வழக்காடலைத்தான். கடினமான இலக்குகள் பெரும்பாலும் அந்த வழக்காடலில்தான் தோற்கின்றன.

எல்லோருக்கும் ஒரே மாதிரியான நாள் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிற மில் தொழிலாளிக்குக் ‘காலை ஆறு மணி’ என்ற அறிவுரை உதவாது. அவருக்குக் கடிகாரத்தைவிட நிகழ்வு கைகொடுக்கும். எந்த ஷிப்டானாலும் சாப்பாடு உண்டு, குளியல் உண்டு, வீடு திரும்புதல் உண்டு. பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துவிட்டால் ஷிப்ட் மாறினாலும் அது தவறாது. இதில் தனிமனிதர் மட்டும் செய்வதற்கு எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியவரிடம் ஒழுங்கைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறது. இடமும் வசதியும் பழக்கத்தை உருவாக்குகின்றன என்றால், அவற்றை அமைத்துத் தருவது கொள்கை வகுப்போரின் பொறுப்பும்கூட.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இலக்குக்கும் பழக்கத்துக்கும் வேலை தெளிவாகப் பிரிகிறது. இலக்கு, எது செய்யத் தகுந்தது என்று முதலில் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அதை ஒரு நிலையான நிகழ்வோடு கோத்து, இடையில் உள்ள தடைகளைக் குறைத்து, தவறிய நாளைப் பெரிதுபடுத்தாமல் சில மாதங்கள் பொறுத்திருந்தால், பாரத்தைப் பழக்கம் ஏற்றுக்கொள்கிறது. அதோடு இலக்கின் வேலை முடிந்துவிடுவதில்லை. நமுத்த பாப்கார்னைத் தின்றவர்களைப் போல, பயன் போன பிறகும் பழக்கம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். தான் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று அதற்குத் தெரியாது. முட்டி தேய்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பதும், தேர்வு முடிந்த பிறகும் அதே பாடப்புத்தகத்தைப் புரட்டுவதும் அப்படித்தான். ஆகவே ஆண்டுக்கு ஓரிரு முறையாவது ‘இது இன்னும் எனக்கு வேண்டுமா’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் மன உறுதியைக் கூட்டிப் பயனில்லை, அந்தச் செயலைத் தூண்டும் இடத்தையோ வேளையையோ மாற்றுவதே குறுக்குவழி. வேண்டும் என்றால், அதைத் தொடர்வதற்குப் புதிதாக உறுதிமொழி எதுவும் எடுக்கத் தேவையில்லை.