சாலையை அளந்தது யார்?

குழந்தைகளே, பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டம் என்றால் பி.டி. வாத்தியார் என்ன செய்வார்? முதல் நாள் சாயங்காலமே டேப்பைப் பிடித்து அளந்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்துவிடுவார். மைதானம் சமமாக இருக்கும். டேப்பும் நேராகப் படியும். வேலை முடிந்தது.

மாரத்தான் ஓட்டத்துக்கு இது நடக்குமா? அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஊர்ச் சாலையில்தான் ஓட வேண்டும். வழியில் வளைவு வரும், பாலம் வரும், நாற்சந்தி வரும். சர்க்கஸில் ஒற்றைச் சக்கர சைக்கிள் பார்த்திருப்பீர்களே, அதை ஓட்டிக்கொண்டே இதே 42.195 கிலோமீட்டர் போகும் பந்தயம்கூட உண்டு! காலால் ஓடினாலும் சக்கரத்தில் ஓடினாலும், "இது உலக சாதனை" என்று ஒருவர் சொன்னால் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். அந்தச் சாலை சரியான நீளம்தானா? அதை அளந்தது யார்?

"கார் மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே!" என்று உங்களில் யாராவது சொல்வீர்கள். சரி, கணக்குப் போடுவோம். கார் மீட்டர் நூற்றுக்கு ஒரு பங்கு தவறினால்கூட, 42 கிலோமீட்டரில் 420 மீட்டர் பிசகிவிடும். உலகின் முன்னணி வீரருக்கே அந்த 420 மீட்டரை ஓட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சாதனைகள் முறியடிக்கப்படுவதோ பல நேரம் சில விநாடிகளில்! அதனால் கார் மீட்டர் உதவாது.

பின்னே எது உதவும்? சைக்கிள்! ஆச்சரியமாக இருக்கிறதா? செயற்கைக்கோள் காலத்திலும் சாதனைக்கான சாலைகளைச் சைக்கிளில்தான் அளக்கிறார்கள். முன் சக்கரத்தின் அச்சில் ஒரு சின்ன எண்ணும் கருவியைப் பொருத்துவார்கள். 1971-ல் அமெரிக்காவின் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கியதால் அதற்கு 'ஜோன்ஸ் கவுண்ட்டர்' என்று பெயர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கருவியில் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் ஏறும். அதாவது, ஓர் எண் ஏறினால் சுமார் 9 சென்டிமீட்டர் போயிருக்கிறோம் என்று பொருள்.

'சுமார்' என்றால் போதாதே! அதனால் முதலில் நேரான ஒரு சாலையில் 300 மீட்டர் அல்லது அதற்கு மேல், எஃகு டேப்பால் மிகக் கவனமாக அளந்து குறி வைப்பார்கள். அந்தத் தூரத்தில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, எத்தனை எண் ஏறுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். 300 மீட்டருக்கு 3,300 என்று வந்தால் ஒரு மீட்டருக்கு 11. இனி மாரத்தான் பாதை முழுவதையும் ஓட்டி எண்ணிவிடலாம். எண்ணி முடித்ததும் வீட்டுக்குப் போய்விட முடியாது. அதே 300 மீட்டருக்குத் திரும்பி வந்து மறுபடி நான்கு முறை ஓட்ட வேண்டும். ஏன் தெரியுமா? வெயில் ஏறினால் டயருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரியும். சக்கரம் ஒரு துளி பெரிதாகும். காலையில் 3,300 காட்டிய சைக்கிள் பத்து மணிக்கு 3,297 காட்டலாம். உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் அதே வெப்ப விரிவுதான்!

பாதையில் எங்கே ஓட்டுவது என்பதற்கும் விதி இருக்கிறது. ஓடுபவர் எவ்வளவு குறுக்கே போக முடியுமோ, அந்த மிகக் குறுகிய வழியில்தான் அளக்க வேண்டும். வளைவுகளில் நடைபாதை ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுவார்கள். சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே போக வேண்டியிருப்பதால், வண்டிகள் குறைந்த அதிகாலையில் போலீஸ் துணையோடு அளப்பது வழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மொத்தம் 42 மீட்டர்! ஓடுபவருக்கு இது அநியாயம் இல்லையா? ஏழு விநாடி போய்விடுமே! ஆனால் பாதை கொஞ்சம் நீண்டிருந்தால் சாதனை நிற்கும். ஒரு மீட்டர் குறைந்தாலும் நிற்காது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அப்படிக் குறைந்துபோன கதை ஒன்றைக் கேளுங்கள்.

1981 அக்டோபரில் நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலாசர் என்ற அமெரிக்க வீரர் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி முடித்தார். ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969-ல் ஓடிய 2 மணி 8 நிமிடம் 33 விநாடிதான் 12 ஆண்டுகளாக உலகிலேயே சிறந்த நேரம் என்று புத்தகங்களில் இருந்தது. சலாசர் அதை உடைத்துவிட்டார் என்று ஒரே கொண்டாட்டம். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இன்னோர் ஆஸ்திரேலியரான ராபர்ட் டி காஸ்டெல்லா 2 மணி 8 நிமிடம் 18 விநாடியில் ஓடினார். பாவம், சலாசரைவிட 5 விநாடி அதிகம்! அதனால் அன்று அவருக்குச் சாதனைப் பட்டம் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் பாதையை மறுபடி அளந்தார்கள். சுமார் 150 மீட்டர் குறைவு! பென்சிலை எடுங்கள். சலாசர் விநாடிக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர் ஓடினார். 150 மீட்டருக்கு 27 விநாடி. அதைக் கூட்டினால் 2 மணி 8 நிமிடம் 40 விநாடி. கிளேட்டனின் நேரத்தைக்கூட அவர் தாண்டவில்லை! சலாசர் எந்தத் தவறும் செய்யவில்லை. காட்டிய பாதையில், போட்ட கோட்டிலிருந்து போட்ட கோடு வரை ஓடினார். ஆனாலும் அவர் பெயர் சாதனைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சரியாக அளந்த சாலையில் ஓடிய டி காஸ்டெல்லாவின் பெயர் ஏறியது. (கிளேட்டன் ஓடிய ஆன்ட்வெர்ப் பாதையும் சரியான நீளம்தானா என்று பலருக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் காலத்து அளவு அப்படி!)

நீளம் சரியாக இருந்தாலும் போதாது. 2011 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அப்போதைய உலக சாதனையைவிட 57 விநாடி குறைவு! பாதையின் நீளத்தில் குறையே இல்லை. ஆனாலும் உலக சாதனை என்று ஏற்கவில்லை. ஏன்?

பாஸ்டன் பந்தயம் ஹாப்கின்டன் என்ற ஊரில் தொடங்கி ஒரே திசையில் போய் பாஸ்டன் நகரில் முடியும். தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் சுமார் 140 மீட்டர் தாழ்வு. விதியோ, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கணக்கில் மொத்தம் 42 மீட்டர்வரைதான் இறங்கலாம் என்கிறது. அதோடு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. போய்த் திரும்பும் பாதை என்றால், போகும்போது முதுகில் தள்ளும் காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும், கணக்கு நேராகிவிடும். அன்று பாஸ்டனில் பலமான காற்று முதுகுப் பக்கமாகவே அடித்தது. முட்டாய்க்கு வெற்றி கிடைத்தது, சாதனை கிடைக்கவில்லை. 1897 முதல் நடக்கும் பழம்பெருமை வாய்ந்த பந்தயம் என்பதால் விதி வளையவும் இல்லை. விதிக்காகப் பாஸ்டன்காரர்கள் பாதையை மாற்றவும் இல்லை.

2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியதும் இப்படித்தான். அது எல்லோரும் கலந்துகொள்ளும் போட்டி அல்ல. வேகம் காட்ட ஓட்டக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். குடிக்கத் தண்ணீர் சைக்கிளில் வந்தது. உலகமே வியந்தது. சாதனைப் பட்டியலில் மட்டும் இடமில்லை.

அளவு தப்பினால் சாமானியர்களுக்கும் சங்கடம்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாக இருந்தது பிறகு தெரியவந்தது. பல ஆயிரம் பேர் மாரத்தானை முடித்ததாக நினைத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள்! 2021-ல் பிரைட்டன் நகரில் நேர்மாறு. சாலையில் வைக்கும் கூம்பை இடம் மாற்றி வைத்ததில் பாதை 568 மீட்டர் கூடிவிட்டது. 42 கிலோமீட்டர் ஓடிக் களைத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சாதனை நிகழ்ந்த பிறகும் அவசரப்பட மாட்டார்கள். பாதையை மறுபடி சரிபார்ப்பார்கள். வீரருக்கு ஊக்கமருந்துச் சோதனை நடக்கும். துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்துதான் நேரம் கணக்கிடப்படும். கெல்வின் கிப்டம் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடியது 2023 அக்டோபர் 8-ம் தேதி. அது உலக சாதனை என்று உறுதியானது 2024 பிப்ரவரி 6-ம் தேதி. நான்கு மாதங்கள்!

நீங்களும் அளந்து பாருங்கள். வண்டி வராத தெருவில், பெரியவர் ஒருவர் துணையோடு, டேப்பால் 50 மீட்டர் அளந்து குறி வையுங்கள். சைக்கிளின் முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒருமுறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஒருமுறை ஏறி ஓட்டுங்கள். பிறகு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். மூன்றும் ஒரே எண்ணாக வருகிறதா? வராவிட்டால், எது அதிகம், ஏன்?