வரவில்லை என்று சொல்லப்படும் கடிதங்கள்

மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, பின்பு கோலசிலாங்கூருக்கு நேரில் வந்து, அலுவலக முகப்பிலிருக்கும் உத்தியோகஸ்தர் தலை நிமிராமலே சொல்லும் "வரவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் நம் தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். புக்கிட் ரோத்தானானாலும் ஈஜோக்கானாலும், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் நம்மவர் நாவில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே நிற்கும் ஊரானாலும் கதை ஒன்றுதான். வராதது வேறு, வந்தும் ஒருவர் கண்ணிலும் படாதது வேறு.

தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கடிதம் கிராணியாரின் மேசை இழுப்பறையில் கிடந்து பழுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த ஸ்தானத்தில் ஸ்பேம் வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. புதிய கிராணிக்குக் கணக்கு மட்டும் பிசகுவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் மென்பொருள், வந்து சேரும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு கோப்பாக எழுதி, அது வந்த நொடியின் நுண்பகுதியையும் வட்டில் அது அமர்ந்த இடத்தின் எண்ணையும் சேர்த்து ஒரு வரிசை எண் இடுவது வழக்கம். கோப்பு அழிந்தபின் அதே எண் வேறொரு கடிதத்துக்கும் வாய்க்கக்கூடுமாதலால், மெயில்ஸ்கேனர் என்னும் வடிகட்டி அந்த எண்ணின் வாலில் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் ஒட்டிக்கொள்கிறது. சந்தேகத்துக்குரியதைச் சேமித்து வைக்கும்படி நிர்வாகி பணித்திருந்தால், வருஷம் மாதம் தேதி என்று எட்டு இலக்கத்தில் பெயரிட்ட அன்றைய அறையில் அது காவலில் கிடக்கும்.

ஆகவே தேடுகிறவருக்கு வேண்டியவை தேதியும் வரிசை எண்ணுமே. வரிசை எண் நமக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் சாவி நம்மிடம் இருக்கிறது. ஜிமெயிலைக் கைப்பேசியில் அல்லாமல் கணினியில் திறந்து, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் வலப்பக்கத்து மூன்று புள்ளிகளை அழுத்தி, மூலத்தைக் காட்டும் கட்டளையைத் தேர்ந்தால், மெசேஜ் ஐடி என்ற நீண்ட அடையாளம் தெரியும். அதை ஓர் எழுத்தும் விடாமல் படியெடுத்து, அனுப்பியவர் முகவரி, பெறுநர் முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றோடு கடிதமாக எழுதி, முகப்பில் அல்ல, அவ்வலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நேரத்தை மறவாதீர்கள்: பெரட்டுக்குப் போகுமுன் காலை 6 மணிக்கு அனுப்பியது, கிரீன்விச் நேரத்தில் ஓடும் இயந்திரத்துக்கு முந்தின நாள் இரவு 10 மணி; அதைத் தேட வேண்டியதும் முந்தின தேதியின் அறையில்தான். பல இடங்களில் 30 நாளில் இந்த அறைகளைத் துடைத்துவிடுகிறார்கள். அதே கடிதத்தை ஐந்து முறை மறுபடி அனுப்புவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஐந்தும் அதே காவலுக்குத்தான் போகும்.

சட்டமும் முற்றிலும் கைவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் மின்னியல் வணிகச் சட்டம், வணிக விவகாரங்களில், பெறுநர் குறித்துக் கொடுத்த அமைப்புக்குள் செய்தி புகுந்த நேரத்தையே பெற்ற நேரமாகக் கொள்கிறது. திறந்து படித்தாரா என்று கேட்பதில்லை. அரசாங்கத்தோடான விவகாரங்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. இது நமக்கு எதிராகவும் திரும்பும்: முதலாளி அனுப்பிய பதில் உங்கள் ஸ்பேம் பெட்டியில் கிடந்தாலும் வந்ததாகவே வாதிடலாம்; ஜிமெயிலோ 30 நாளில் அதைத் தானே அழித்துவிடும். வாரம் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரசாங்க அலுவலகம் தேடவே மறுத்தால், முத்திரையிட்ட நகலோடு பிரோ பெங்காடுவான் அவாம் என்னும் பொதுமக்கள் புகார் காரியாலயத்துக்கு எழுதலாம்.

ஒரு ஜாக்கிரதை. "உங்கள் கடிதம் காவலில் உள்ளது, விடுவிக்க இதை அழுத்துக" என்று வஞ்சகர்களும் அனுப்புகிறார்கள், அழுத்தாதீர்கள். அலுவலகத்தின் பெயரும் சின்னமும் அச்சாக இருந்தாலும் அழுத்தாதீர்கள். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தால் உடனே மாற்றி, பணம் போயிருந்தால் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கும் அந்தக் கணமே அழைத்துச் சொல்லிவிட்டு, அதன்பின் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.