ஒண்டுக்குடித்தனமே ஆனாலும் சாவி நம் கையில்!



பெரம்பலூரில் வசிக்கும் சாதாரண இல்லத்தரசி நான். பிளஸ் 2 வரை படித்தவள். என் தங்கை அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. அவள் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரம் முழுக்க முந்திரி. நான் வெங்காய வடகம் போடுவேன். அவள் முந்திரியைத் தரம் பிரித்து பாக்கெட் போடுவாள்.

நான்கு வருடத்துக்கு முன், 'இன்டர்நெட்டில் கடை போட்டால் வெளியூர்க்காரர்களும் வாங்குவார்கள்' என்று ஆசை காட்டியவள் நான்தான். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு பையனிடம் 15,000 ரூபாய் கொடுத்தோம். தன் பங்குக்குத் தங்கை கம்மலை அடகு வைத்தாள். பையனும் அழகாகவே செய்து கொடுத்தான். சந்தோஷத்தில், கடையின் இணைய முகவரியைப் போட்டு 3,000 லேபிள் அச்சடித்தோம்.

மறு வருடம் திருச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். ''ஏம்மா, உங்க பாக்கெட்ல இருக்கற முகவரிக்குப் போனா ஏதோ சூதாட்ட விளம்பரமா வருதே?''

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. பையனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வெளிநாடு போய் விட்டானாம். விசாரித்ததில்தான் விஷயம் புரிந்தது. கடையின் முகவரியை எங்கள் பேரில் வாங்காமல் தன் பேரில் வாங்கியிருக்கிறான். வருடா வருடம் பணம் கட்டச் சொல்லி வரும் கடிதமெல்லாம் அவனுடைய இ-மெயிலுக்குப் போயிருக்கிறது. கட்டாததால் முகவரி காலாவதியாகி, யாரோ வாங்கி விட்டார்கள். போட்டோக்கள், ஆர்டர் விவரம் எல்லாம் போச்சு!

''நீ சொன்னேன்னுதானேக்கா கம்மலை வச்சேன்...'' தங்கை கேட்டது இந்த ஒரு வார்த்தைதான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

காலேஜ் படிக்கும் என் மகள்தான் தைரியம் சொன்னாள். ''அம்மா, இது குடித்தனம் போற மாதிரிதான். நீயே செய்யலாம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.''

அவள் சொன்னது இதுதான். முதலில் முகவரி. இதை 'டொமைன்' என்கிறார்கள். கதவு இலக்கம் மாதிரி. வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அடுத்தது இடம், அதாவது 'ஹோஸ்டிங்'. எங்களைப் போன்றவர்களுக்கு 'ஷேர்டு ஹோஸ்டிங்' போதும். அசல் ஒண்டுக்குடித்தனம்தான்! ஒரே கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கடைகள். பக்கத்து போர்ஷன்காரர் எல்லாக் குழாயையும் திறந்து விட்டால் நம் குழாயில் தண்ணீர் மெல்ல வருமே, அது போல சில நேரம் கடை மெதுவாகத் திறக்கும். ஆனால் வாடகை குறைவு.

மூன்றாவது, கடையை நடத்தும் சாப்ட்வேர். நாங்கள் எடுத்தது 'வேர்ட்பிரஸ்'. 2003ல் மாட் முல்லன்வெக் என்ற 19 வயது அமெரிக்க இளைஞரும், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டிலும் சேர்ந்து வெளியிட்டது. அன்று முதல் இன்று வரை இலவசம். தமிழிலும் கிடைக்கிறது.

இந்த முறை முகவரியையும் இடத்தையும் என் பேரில், என் இ-மெயிலில், என் போன் நம்பரில் வாங்கினோம். இடம் கொடுத்தவர்கள் 'நேம்சர்வர்' என்று இரண்டு பெயர் அனுப்பினார்கள். முகவரி வாங்கிய இடத்தில் அதை எழுதினால்தான் இரண்டும் இணையும். இது முடியச் சில மணி நேரம் ஆகலாம். இரண்டு நாள் கூட ஆகலாம். தெரியாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து திறந்து பார்த்துப் பதறினேன்!

பிறகு 'சி-பேனல்' என்ற பக்கத்துக்குள் நுழைந்து, 'சாஃப்டாகுலஸ்' என்பதில் வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு படிவம் வந்தது. பூர்த்தி செய்து அழுத்தியதும் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து விட்டது. ஆனால் முகவரியைத் தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம்!

மகள் படிவத்தை மறுபடி பார்த்தாள். எந்தக் கோப்புறையில் போடுவது என்ற கட்டத்தில் 'டபிள்யூ, பி' என்று இரண்டு எழுத்து ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதை அழிக்காமல் விட்டு விட்டேன். சாமான்களைக் கூடத்தில் இறக்காமல் கொல்லைப்புற அறையில் இறக்கிய கதைதான். எல்லாவற்றையும் நீக்கி, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு மறுபடி செய்தேன். கடை திறந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழுது விட்டேன்.

மேலும் சில விஷயங்கள் கற்றுக் கொண்டேன். பயனர் பெயராக 'அட்மின்' என்று வைக்கக் கூடாது; திருடர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான். முகவரிப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வராமல் இருக்க எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வேண்டும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய அலங்காரங்களை யாராவது 'சும்மா தர்றேன்' என்றால் வாங்காதீர்கள். உள்ளே திருட்டு வேலை ஒளிந்திருக்கலாம். 'அப்டேட்' கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். மாதம் ஒரு முறை கடை முழுவதையும் பிரதி எடுத்துப் பென் டிரைவில் வைக்கிறேன். ஹோஸ்டிங்காரரை மாற்ற நேர்ந்தாலும், அந்தப் பிரதியைக் கொண்டு போய் வேறிடத்தில் கடை விரிக்கலாம்.

போன ஞாயிறு அரியலூர் போயிருந்தேன். மிச்சமிருந்த பழைய லேபிள்களில் இருந்த முகவரியை, அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து கத்தரியால் வெட்டி எடுத்தோம். ''அக்கா, இந்தத் தடவை பாஸ்வேர்டை எனக்கும் சொல்லிடு'' என்றாள். சொன்னேன். அவள் பேரிலும் தனியாக ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். முந்திரி விலையை இப்போது அவளே மாற்றிக் கொள்கிறாள். கம்மலில் ஒன்றை மீட்டாயிற்று. இன்னொன்று தை பிறக்கட்டும்.

தோழிகளே, வேலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் முகவரி யார் பேரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, எந்த இ-மெயிலுக்குக் கடிதம் வருகிறது என்ற மூன்றையும் இன்றே கேட்டு, அரிசி டப்பா மேல் ஒட்டி வையுங்கள். வாடகை வீடானாலும் சாவி நம் முந்தானையில்தான் இருக்க வேண்டும்!

- ஒரு வாசகி, பெரம்பலூர்.