படுக்கையறைக்குள் அரசாங்கம்

சர்வாதிகாரிகள் பிரம்மச்சரியம் போதிப்பவர்களா? ஹிட்லரின் ஜெர்மனி தரும் பதில் வேறு.

மே 6, 1933. பெர்லினில் பாலியல் ஆய்வுக் கழகத்தின் வாசலில் காலையிலேயே லாரிகள் வந்து நின்றன. இறங்கியவர்கள் நாஜி மாணவர்கள். கூடவே பேண்டு வாத்தியம். 1919-ல் அந்தக் கழகத்தைத் தொடங்கிய டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் அப்போது வெளிநாட்டில் இருந்தார். யூதர், ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 175-ஐ நீக்கப் போராடியவர், 1931-ல் இந்தியாவுக்கும் வந்து போனவர். அவருடைய நூலகம் நான்கே நாளில் ஓபரா சதுக்கத்தில் எரிந்தது. பாரிஸ் சினிமா கொட்டகை ஒன்றில், செய்திப் படத்தில்தான் அதை அவர் பார்த்தார். நாடு திரும்பாமலே 1935-ல் பிரான்சில் இறந்தார்.

ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் திண்டாடிய நாட்டில், ஒரு டாக்டரின் புத்தகங்கள் மீது ஏன் இத்தனை அவசரம்?

அதே ஆண்டு ஒரு பதில் வெளிவந்தது. பிராய்டின் சீடர் வில்ஹெல்ம் ரைக் எழுதிய 'பாசிசத்தின் வெகுஜன உளவியல்'. அவர் வாதம் எளிது. குழந்தையின் பாலுணர்வைப் பயத்தாலும் குற்ற உணர்வாலும் அடக்கும் குடும்பம்தான் சர்வாதிகாரத்தின் பயிற்சிக்கூடம். தன் உடம்பைக் கண்டே பயப்படக் கற்றவன் முதலில் அப்பாவுக்கு அடங்குவான்; பிறகு தலைவருக்கு. அடங்குவதில் பெருமையும் கொள்வான்.

ரைக்கை யாருக்கும் பிடிக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் 1933-ல் வெளியேற்றினார்கள். உளப்பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 1934-ல் விலக்கியது. தஞ்சம் புகுந்த அமெரிக்காவில், விஞ்ஞானம் ஏற்காத ஒரு 'சிகிச்சைப் பெட்டி' தொடர்பான வழக்கில் சிக்கினார். கோர்ட் உத்தரவின்படி 1956-ல் அவருடைய நூல்களும் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார்.

ஆனால் ரைக் சொன்னது பாதிதான். நாஜிகள் துறவிகள் அல்ல. 'தூய ரத்தம்' கொண்டவர்கள் கூடுவதையும் பிள்ளை பெறுவதையும் அரசே ஊக்குவித்தது. திருமணமாகாத தாய்மார்கள் ரகசியமாகப் பிரசவிக்க எஸ்.எஸ். படை 1935-ல் தனி அமைப்பே தொடங்கியது. எட்டுப் பிள்ளை பெற்றவளுக்குத் தங்கச் சிலுவைப் பதக்கம். அதே 1935-ல் யூதருக்கும் ஜெர்மானியருக்கும் இடையிலான திருமணமும் உறவும் குற்றமாயின. பிரிவு 175 மேலும் கடுமையானது. நாஜி ஆட்சியில் அதன்கீழ் சுமார் 50,000 ஆண்கள் தண்டனை பெற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வதை முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அடையாளம், உடையில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணம். 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை.

ஆக, சர்வாதிகாரத்துக்கு இன்பத்தின் மேல் விரோதம் இல்லை. யார், யாரோடு, எதற்காக என்று முடிவு செய்யும் அதிகாரம் தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருத்திக்குப் பதக்கம், இன்னொருவனுக்கு முகாம், வேறொருவருக்கு அறுவை சிகிச்சை. கொடுத்தது ஒரே கை. பதக்கம் பெற்றவளின் உடம்பும் அவளுக்குச் சொந்தமில்லை. கருவைக் கலைத்தால் அவளுக்கும் சிறைதான்.

1945-ல் ஹிட்லர் போனார். அவர் கடுமையாக்கிய பிரிவு 175 போகவில்லை. ஜனநாயக மேற்கு ஜெர்மனி அதை 1969 வரை அப்படியே வைத்திருந்தது. அந்த ஆண்டுகளிலும் ஏறக்குறைய 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். முழுதாக நீங்கியது 1994-ல்தான். அதுவரை அதைக் காத்து நின்றவர்கள் நாஜிகள் அல்ல. அது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நம்பிய சாதாரண வாக்காளர்கள், நீதிபதிகள், எம்.பி.க்கள். ரைக் சொன்ன அந்தப் பாதி இங்கேதான் உறைக்கிறது. வீட்டில் கற்ற பயம் நீடித்து வாழத் தலைவர் ஒருவர் தேவையில்லை.