தாத்தா எங்கே பிறந்தார்?

இலங்கையின் 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வட்டகொடைக்குப் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்துப் பிள்ளை அவர். அடுத்த தேர்தல் 1952இல் வந்தபோது, அவருக்கு வாக்களித்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. இடையில் வந்த சட்டம் அவர்களுடைய தகப்பனையும் தாத்தாவையும் விசாரித்திருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. தாய் வழி எடுபடவில்லை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தது. ஆனால் அது வேலை செய்த நாளைச் சொல்லுமே தவிர, பிறந்த மண்ணைச் சொல்லாது.

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. நாட்டுரிமை இல்லாதிருந்தோரை 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. அப்போது தள்ளிவைத்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கேள்வியையே மாற்றியது. தாத்தா எங்கே பிறந்தார் என்பது போய், 1964 அக்டோபர் 30 முதல் அவர் இங்கே நிரந்தரமாக வசித்தாரா என்பது வந்தது. வசித்திருந்தால், இலங்கையில் வாழும் அவர் வாரிசும் பிரஜை. எந்த நாட்டுரிமையும் இல்லாதவர்கள் சமாதான நீதவான் ஒப்பமிட்ட பிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றானது. அவ்வாண்டு பத்துச் சொச்ச நாட்களில் சுமார் 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அதே ஆண்டில் வந்த திருத்தம் தாய் வழியையும் ஏற்றது.

வாரிசு என்று காட்டுவது சங்கிலி கோப்பது போல. உங்கள் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் தகப்பன் அல்லது தாயின் பேர். அவருடையதில் தாத்தாவின் பேர். தாத்தா இங்கே இருந்ததற்குப் பழைய செக்ரோல் பதிவு, சேமலாப நிதிக் கடதாசி, பாடசாலை இடாப்பு போன்றவை கைகொடுக்கும். சங்கிலி அறுவது பெரும்பாலும் பேரில்தான். ஒரு தாளில் முத்துசாமி, இன்னொன்றில் முத்துச்சாமி, சிங்களத்தில் எழுதிய மூன்றாவதில் வேறொரு உருவம். பேர்ப் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரைக் கேட்டு முன்கூட்டியே திருத்துங்கள்.

அதற்கும் முன்னால் பழைய தாள்கள் உள்ள பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். எந்தத் தாளில் எந்தப் பேர் யாருடையது என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம்.